எவ்லினுக்கு இரண்டு, கெல்வினுக்கு எட்டு

2023 ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கெல்வினின் மடிக்கணினி பாடல்களோடு சேர்த்து ஆட்களையும் பட்டியல் போடத் தொடங்கியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் டெக்னீஷியனான கெல்வின், வார இறுதி விருந்துகளில் டிஜே. ‘ஒலிச் சிற்பி’ என்று அட்டை அடித்து வைத்திருந்தான். சிற்பம் எதையும் யாரும் பார்த்ததில்லை. அவனுடைய மென்பொருள் ஒவ்வொரு நடனப் பாட்டுக்கும் இரண்டு எண் போடும். ஒன்று வேகம், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. மற்றது சுருதி, அதைக் கடிகாரம் போல் பன்னிரண்டு இலக்கமாக வட்டத்தில் பிரித்திருப்பார்கள். ஒரே இலக்கமோ பக்கத்து இலக்கமோ என்றால் ஒரு பாட்டை இன்னொன்றுக்குள் அலுங்காமல் நுழைத்துவிடலாம். எதிரெதிர் இலக்கம் என்றால் ஆடுகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார்கள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், சோறும் கறியும் விற்கும் சுலைமானின் நாசி கண்டார் கடையில் அன்று கணினி திறந்திருந்தது. அருகில் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் ஏறினார்கள். சுலைமான்: வேகம் 92, சுருதி 4. சமையல்காரர் ஜாஹிர்: 92, 5. “அதான்லா இருபது வருசமா சண்டையே இல்ல” என்று சுலைமான் எல்லார் எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டத் தொடங்கினார். கெல்வின்: 128, 8. எதிரே உட்கார்ந்திருந்த எவ்லின், ஜனவரியில் அவனைக் கட்டிக்கொள்ள இருந்தவள்: 64, 2. அந்த நொடியில் மேசைமேல் தே தாரிக் டீ இருந்த இரண்டு கண்ணாடிக் குவளைகளும் விரிசல் விட்டன. அது முதல் இருவரும் கை எட்டும் தூரத்துக்குள் வந்தால் சுற்றியுள்ள கண்ணாடியெல்லாம் அதிர்ந்து விரிசல் விட்டது. இரண்டு வருடம் ஒரே மோட்டார் சைக்கிளில் போய்வந்தவர்களுக்கு இப்போது மட்டும் ஏன் இப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. விளக்கம் சொல்ல வந்தவர்களும் பாதியில் குழம்பி, தே குடித்துவிட்டுப் போனார்கள்.

எவ்லினின் அப்பா லாரன்ஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடமாகக் கோயில் பாடகர் குழுத் தலைவர். ஜாதகம் பார்க்கிறவர்களை மேடைக்கு மேடை இளக்காரம் பண்ணுகிறவர். சுவரில் இருந்த பட்டியலை ஆள் விட்டு நகலெடுத்து, லாமினேட் செய்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார், இது விஞ்ஞானம் என்பதால். கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிப்பார்கள்; தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டாம் ஞாயிறு அவரே எழுந்து, தன் மகளின் கல்யாணத்துக்குச் சுருதித் தடை இருப்பதாக அறிவித்தார். ஃபாதர் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மூன்றாம் ஓலையை நிறுத்திவைத்தார். எந்தப் பிரிவின்படி என்று அவருக்கும் தெளிவில்லை. ஜனவரி போனது.

“வேகம் பிரச்சினை இல்ல. நீ ஒரு தட்டு தட்டுறதுக்குள்ள நான் ரெண்டு தட்டுறேன், ஓகேலா!” என்று கடையில் நான்கு மேசை தள்ளியிருந்து கெல்வின் கத்தினான்.

“சுருதிக்கு என்னா பண்ணப்போற?” என்று எவ்லினும் கத்தினாள். “இந்த மாசத்துக்குள்ள வழி சொல்லு. இல்லன்னா மோதிரத்த ஜாஹிர் அண்ணன்கிட்ட குடுத்தனுப்பிடுவேன்.”

கெல்வின் எழுந்து அவளிடம் ஓடினான். குவளைகள் அதிரத் தொடங்கின. அதுவரை அந்த இயந்திரத்தின் பக்கமே வராத லாரன்ஸ், மகளை அழைத்துப் போக வந்தவர், அதட்டிக்கொண்டே இருவருக்கும் நடுவில் புகுந்தார். அதிர்வு நின்றது. மேசையில் திறந்திருந்த கணினித் திரையில் புதிதாக ஒரு வரி: லாரன்ஸ், வேகம் 64, சுருதி காணப்படவில்லை.

கெல்வின் இரண்டு தடவை படித்தான். “அங்கிள், சேராத ரெண்டு பாட்டுக்கு நடுவுல வெறும் டிரம்ஸ் விடுவோம். அதுக்குச் சுருதியே கெடையாது, எதோடயும் சேரும்.”

“யாருக்குடா சுருதி இல்ல? முப்பது வருசமா பாடுறேன்!”

“தெரியும் அண்ணே” என்றார் சுலைமான். “ஒங்க கோயில் வழியா போறப்ப நாங்களே கேட்டிருக்கோம்லா.”

“அப்பா, நகராதீங்க” என்று எவ்லின் அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, கெல்வினின் கையைப் பிடித்தாள்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. ஈஸ்டர் கழிந்து பீடத்துக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டுக் கல்யாணம் நடந்தது. போட்டோவிலும் மூன்று பேர். மோட்டார் சைக்கிளை விற்றுக் கார் வாங்கினார்கள். கெல்வின் ஓட்டுவான், பக்கத்தில் லாரன்ஸ், பின்னால் எவ்லின். ‘எல்லாச் சுருதிக்கும் பொதுவானவர்’ என்று லாரன்ஸ் தனக்கும் அட்டை அடித்துக்கொண்டார். அடுத்த அறையிலிருந்து அவர் பாடினாலே போதும் என்பது நாளடைவில் தெரிந்தது. எவ்லினுக்கு இப்போது ஏழாம் மாதம். சாயங்காலமானால் லாரன்ஸ் தன் அறைக்குள் போய்ப் பாடத் தொடங்குகிறார். பக்கத்து வீட்டார் எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு, சாப்பாட்டைத் தொடர்கிறார்கள்.