வாக்கியத்தின் வால்

மருத்துவமனைப் பதிவுப் பிரிவில், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவளுக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். யார் வைத்தார்களோ, அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். பதினெட்டு வருஷத்தில் தன் காதுக்குத் தப்பிய சொல் ஒன்றுகூட இல்லை என்று யாரிடமும் சொல்வாள்.

பிரிவில் இருந்த இயர்போன்கள் ஒவ்வொன்றாக ஊமையாகிவிட, புதிதாகப் பன்னிரண்டு வாங்க உத்தரவு வந்தது. கொள்முதல் அதிகாரி இரண்டு மாதிரிகளோடு வந்தார். ஒன்று வெல்வெட் பெட்டிக்குள் பளபளத்தது. இன்னொன்று வெறும் பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. விலை முதலாவதில் கால்வாசி.

"பெட்டியில இருக்கறதையே வாங்கிடலாம்னு இருக்கேன்க்கா. பாட்டுப் போட்டா பேஸ் சும்மா நெஞ்சுல வந்து இடிக்குது."

"நெஞ்சுல இடிச்சா நம்ம வேலை நடக்குமா? ரெண்டையும் வச்சுட்டுப் போங்க, நாளைக்குச் சொல்றேன்."

அன்று மாலை வீட்டில் அவள் கணவர் பெட்டி இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மூன்று பாட்டு முடிந்துதான் திறந்தார். "இதைத் திருப்பிக் குடுத்தே ஆகணுமா?" என்றார். மலிவானதை மாட்டியதும் முகம் சுண்டிப்போயிற்று. "தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கே!"

அவளும் கேட்டுப் பார்த்தாள். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவளுக்குச் சம்பளம் பாட்டுக் கேட்பதற்கு இல்லை.

மறுநாள் காலை முணுமுணு டாக்டரின் பதிவை எடுத்தாள். ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை சொல்கிறவர். அவர் தலைக்கு மேல் எப்போதும் ஒரு மின்விசிறி உறுமிக்கொண்டிருக்கும். வாக்கியத்தைக் கம்பீரமாகத் தொடங்குவார். முடிவை மென்று முழுங்கிவிடுவார். நோய் உண்டா இல்லையா என்பதோ வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது.

பெட்டி இயர்போனில் மின்விசிறி லாரி மாதிரி ஓடியது. ஒரு மணி நேரத்தில் அதன் கனம் தாங்காமல் காது வலித்தது. மலிவானதில் விசிறி எங்கோ ஒதுங்கிக்கொள்ள, குரல் முன்னால் வந்து நின்றது. ஒயர் சட்டையில் உரசும்போது கரகரத்தது. அதைக் காதுக்குப் பின்னால் சுற்றி விட்டதும் அடங்கிவிட்டது.

அதிகாரியைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, அதே பதிவை ஓடவிட்டாள். முதலில் பெட்டி இயர்போன்.

"கேக்கறதை எழுதுங்க."

'வலது சிறுநீரகத்தில் வீக்கம் இருக்கு' என்று எழுதினார்.

"நிச்சயமா?"

திரும்பக் கேட்டார். "இருக்குன்னுதான் நினைக்கறேன்... அடிச்சுச் சொல்ல முடியலைக்கா."

இயர்போனை மாற்றிக் கொடுத்தாள். ஒரே தடவைதான் கேட்டார். 'இருக்கு' என்பதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார். "நல்லா இருக்கற ஆளுக்கு வியாதியைக் குடுக்கப் பார்த்தேனே!"

அந்த நேரம் பார்த்து முணுமுணு டாக்டரே உள்ளே வந்தார். அவள் தயங்காமல் இயர்போனை நீட்டினாள்.

டாக்டர் முகம் சுளித்தார். "யாரும்மா இது, வாயில எதையோ வச்சுக்கிட்டுப் பேசறது?"

"நீங்கதான் சார்."

அதிகாரி அவசரமாகக் குனிந்து மேசைக்கடியில் பேனாவைத் தேடினார். டாக்டர் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "என் ரூம் விசிறியை முதல்ல ரிப்பேருக்கு எழுதிப் போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என் பொண்ணு ரொம்ப நாளா ஒரு இயர்போன் கேக்கறாக்கா, பாட்டுக் கேக்க. அவளுக்கும் இந்த மலிவுதானா?" என்றார் அதிகாரி.

"அவளுக்குப் பெட்டியையே வாங்கிக் குடுங்க, நல்ல பொருள். இந்தப் பிரிவுக்குத்தான் மலிவு, பன்னிரண்டும்."

மதிப்பீட்டுத் தாளில் அவள் எழுதினாள்: 'பேச்சு தெளிவு. பாட்டு சுமார். ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றவும்.' கீழே கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த அறிக்கையைத் தட்ட ஆரம்பித்தாள்.