தண்ணீர் ஆறுவதற்குள்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு சத்தம். போன மாதம் மெரினாவில், காலை வெயிலில், ஒரு குதிரைக்காரர் வாளித் தண்ணீரை மொண்டு தன் குதிரைக்கு ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கும்போது பல்லிடுக்கில் காற்றை விட்டு 'உஸ்... உஸ்...' என்றார். குதிரை மிரளாமல் நிற்பதற்காக அப்படிச் செய்வார்கள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுபத்தைந்து வயதுக்காரி கடற்கரையில் நின்று அழுதால் யாராவது விசாரிக்கத்தானே செய்வார்கள்? சுண்டல்காரர் வந்து, "யாரையாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என் நைனா தேசப்பன் திருத்தணியில் ஜட்கா ஓட்டினார். ரயிலடியிலிருந்து மலையடிவாரம், மலையடிவாரத்திலிருந்து ரயிலடி. (நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீடுகளிலும் அப்பா நைனாதான். ஆந்திரா அவ்வளவு பக்கம்.) அவரும் அம்மாவும் ஒரு பச்சைக் குழந்தையோடு தனியாக இருந்த சில வாரங்களைப் பற்றியது இந்தக் கதை.

அந்தக் குழந்தை நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரி எழுதிப் பார்த்தேன்.

'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் ஆண்டு, உலகமே போரில் மூழ்கியிருந்த வேளையில், முருகன் குடிகொண்ட மலையின் அடிவாரத்தில் ஓர் ஏழை'

வேண்டாம். போரை உள்ளே விட்டால் குழந்தைக்கு இடம் இருக்காது. எங்கள் தெருவுக்குப் போர் என்றால் மண்ணெண்ணெய் கிடைக்காதது, அவ்வளவுதான். 'ஏழை' என்று எழுதியதும் நைனா என் தோளுக்குப் பின்னால் நின்று முறைப்பது போல இருக்கிறது. அவருக்குச் சொந்தமாகக் குதிரை இருந்தது. செவலைக் குதிரை.

இன்னொன்று:

'மணியம்மையின் வயிற்றில் இருந்த குழந்தைக்கு ரொம்ப அவசரம்.'

இது பரவாயில்லை. மணியம்மை என் அம்மா, பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். ஆடி முடிந்ததும் பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. குழந்தை அதுவரை பொறுக்கவில்லை. எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டது. பெண் குழந்தை, பூனைக்குட்டி மாதிரி அழுதது. நைனாவின் ஒரு கைக்குள் அடங்கியது. அண்ணன் வீட்டிலிருந்து எப்போதோ வந்த பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து, பஞ்சு வைத்துச் சுற்றினார்கள்.

பிழைக்குமா என்று மருத்துவச்சியிடம் கேட்டார் நைனா. "பாலு குடிச்சா பொயைக்கும். சூடு போவாம பாத்துக்கோ, ஒடம்ப சுத்தமா வச்சிக்கோ," என்றாள் அவள். இந்தக் கதையில் நீங்கள் கவலைப்பட வேண்டியதும் அது ஒன்றைப் பற்றித்தான்.

3

இங்கே நீங்கள் கை தூக்குவீர்கள் என்று தெரியும். முதல் பிரசவத்துக்கு வீட்டில் ஒரு பெரிய மனுஷி கூடவா இல்லை? கதைக்கு வசதியாக எல்லோரையும் துரத்திவிட்டாயா?

நான் துரத்தவில்லை. அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு அம்மாக்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருத்துவச்சி சில நாள் வந்து குளிப்பாட்டினாள். பிறகு கே.ஜி.கண்டிகையில் ஒரு இரட்டைப் பிரசவம், அங்கேயே தங்கிவிட்டாள். மற்றவர்களைத் தடுத்தது ஆடிக் கிருத்திகை.

திருத்தணிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடியில் எங்கள் தெருவே காவடிக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டுவிடும். மஞ்சள் துணி, ஒருவேளைச் சாப்பாடு. மாலை போட்டவர்கள் தீட்டு வீட்டில் கால் வைக்கக் கூடாது, தீட்டு வீட்டுக்காரர் தொட்டதைத் தொடக் கூடாது. பிள்ளை பிறந்த வீடும் தீட்டு வீடுதான். பொதட்டூர்பேட்டையில் அம்மாவின் அண்ணியும் மாலை போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளும் போட்டிருந்தாள். ஏன், நைனாவே போட்டிருந்தார். பிறக்கப்போகும் குழந்தைக்காக வேண்டிக்கொண்டு போட்ட மாலை. குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டதும் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வருஷத்திலேயே ஜட்காவுக்கு நல்ல காலம் அதுதான். ஆனால் மாலை போட்டவர்கள் யாரும் தீட்டு வீட்டு வண்டியில் ஏற மாட்டார்கள். செவலை கொல்லையில் நின்று கொள்ளு தின்றது. நைனா வீட்டில் இருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, எழுந்து உட்கார முடியாமல் கிடந்தாள்.

4

இப்போது என் கதாபாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். எனக்குத் தெரிந்த நைனா குழந்தைகளைத் தொட மாட்டார். என்னைத் தூக்கியதில்லை, தோளில் வைத்துத் தேர் காட்டியதில்லை. அப்படிப்பட்டவர் நாற்பத்து நான்கில், பட்டப்பகலில் தெருக்கதவைச் சாத்திவிட்டு, கொல்லையில் மணைபோட்டு உட்கார்ந்து, கால் நீட்டி, பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? அது பொம்பளைகள் வேலை. ஜட்கா ஸ்டாண்டில் தெரிந்தால் சாகும்வரை விட மாட்டார்கள்.

நம்பாவிட்டால் போங்கள். நான் எழுதத்தான் போகிறேன்.

வெந்நீர் போட்டாயிற்று. பயத்தமாவு கரைத்தாயிற்று. நைனா கால்களை நீட்டி, குழந்தையைக் கிடத்தி, முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீறிட்டது.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "எம்மா மணி! கொயந்த ஏன் இப்டி வீறிடுது?"

கெங்கம்மாள். நான்கு பிள்ளை பெற்றவள். ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதனால் எதையும் பார்க்க முடியாது. நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே படுத்திருந்த அம்மாவுக்குக் கத்திப் பதில் சொல்லத் தெம்பில்லை.

"சரி, நீ பேசாத. ஜொரத்துல கெடக்கிற. நான் சொல்றத மட்டும் கேட்டுக்கோ. ரெண்டு காலயும் நல்லா ஒட்டி வச்சிக்கினு, நடுவுல பள்ளமா இருக்கு பாரு, அதுல மல்லாக்கப் படுக்க வையி. தலைக்கி அண்டையில ஒரு கை எப்பவும் இருக்கணும்."

நைனா அப்படியே செய்தார்.

"தண்ணிய மொதல்ல உன் மொயங்கையில ஊத்திப் பாரு மணி. உள்ளங்கைல பாக்காத. லகான் புடிச்சிப் புடிச்சி காச்சிப்போன கைக்கி சூடு இன்னா தெரியும்?"

உள்ளே அம்மா சிரித்துவிட்டாள். காய்ச்சல் வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"மூஞ்சில நேரா ஊத்தாத. நெத்தில கைய அண கட்டினாப்ல வச்சிக்கினு, கைமேல ஊத்து. ஆங். அப்டித்தான்."

பார்க்காமலே எப்படி 'அப்படித்தான்' என்றாள்? தண்ணீர் விழும் சத்தத்தை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. நைனாவுக்கு வேறு வழி தெரியவில்லை. செவலையைத் தேய்க்கும்போது செய்வதைச் செய்தார். 'உஸ்... உஸ்...'

அழுகை நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கெங்கம்மாள் சொன்னாள்: "எம்மா மணி, அது குதிர இல்ல. போவட்டும் விடு. கேக்குது இல்ல?"

5

இந்தப் பகுதியில் ஒன்றுமே நடக்காது. பத்திரிகைக்கு அனுப்பினால் வெட்டச் சொல்வார்கள். எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

தினமும் காலையில் தெருக்கதவு சாத்தப்படும். "மணி, ஆரம்பிச்சிட்டியா?" என்று சுவர் கேட்கும். நைனா செம்பால் வாளியை ஒரு தட்டு தட்டுவார். அதுதான் பதில். கெங்கம்மாள் வசம்பு சுட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் இழைத்து, சுவர்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அவள் போனபிறகு நைனா எட்டி எடுத்துக்கொள்வார். காலிக் கிண்ணத்தை அவர் திரும்பச் சுவர்மேல் வைத்தால், மறுநாள் அவள் அதைத் தொடாமல் மேலிருந்து வசம்பை விடுவாள். குளித்து முடித்த குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டி அம்மாவின் பக்கத்தில் போடுவார். அம்மா அதன் கழுத்தை முகர்ந்து பார்த்து, "இன்னிக்கி மாவு சரியா போவல," என்று குற்றம் சொல்வாள். மறுநாள் இன்னும் ஒரு செம்பு அதிகம்.

ரயிலடிப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகக் காவடிகள் வர ஆரம்பித்தன. பம்பைச் சத்தம் கேட்டால் குழந்தை விரல்களை விரித்து மூடும். அதற்கும் அருள் வருகிறது என்று நைனா சொல்வாராம். மூடிய கதவுக்கு உள்ளே சாம்பிராணியும் பால் வாசனையும் குதிரை வாசனையும் கலந்து இருந்தன. "எங்க கல்யாணத்துக்கு அப்பறம் நாங்க ரெண்டு பேரும் அவ்ளோ பேசினது அப்பதான்," என்பாள் அம்மா. எண்பது வயதிலும் அதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் சிவக்கும். நான் இல்லாத ஒரு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அடுத்த பகுதிக்குப் பிறகு ஏன் என்று சொல்கிறேன்.)

6

முதல் முடிவு. அம்மா எனக்குச் சொன்னது.

கிருத்திகை அன்று தெரு முழுக்க மஞ்சள். கெங்கம்மாள் பூக்காவடி எடுத்து மலை ஏறினாள். சாமி பார்த்து, மாலையைக் கழற்றி, சரவணப் பொய்கையில் முழுகி, ஈரப் புடவையோடு நேராக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். தெருக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, நைனாவைப் பார்த்து, "நவுரு தேசப்பா, இனிமே நான் பாத்துக்கறேன்," என்றாள். குழந்தையைத் தன் காலில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

என்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அம்மா இதைச் சொல்வாள். எனக்கு நாலு வயது, ஐந்து வயது. சோப்பு கண்ணில் பட்டாலும் அழாமல் கேட்பேன்.

7

நான் பிறந்தது நாற்பத்து எட்டில்.

வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அம்மா திருத்தவில்லை. எழுபத்து இரண்டில் என் முதல் பிரசவத்துக்குத் திருத்தணி போயிருந்தேன். நைனாவின் கையில் குழந்தையைக் கொடுக்கப் போனேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பேரனக்கூடத் தொட மாட்டீங்களா நைனா? என்னக் குளிப்பாட்டின கைதான?" என்று கத்திவிட்டேன். அவர் கொல்லைக்குப் போய்விட்டார். அப்போது அங்கே இருந்தவள் கெங்கம்மாள். என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அது நீ இல்லடி. உனக்கு மூத்தது."

பரணி அன்று, கிருத்திகைக்கு முதல் நாள், வழக்கம்போல வாளித் தட்டு கேட்டிருக்கிறது. தண்ணீர் விழும் சத்தம், 'உஸ்... உஸ்...'. அழுகை மட்டும் கேட்கவில்லை. "மணி, இன்னிக்கி இன்னா சமத்தா கீது?" என்று கேட்டிருக்கிறாள். 'உஸ்' என்பது மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"தெரிஞ்சி போச்சிடி எனக்கு. கைய செவுத்துமேல வச்சிக்கினு நின்னேன். கழுத்துல மால. மால இல்லாங்காட்டி வந்திருப்பேன். வந்திருந்தா பொயைச்சிருக்கும். நாலு பெத்தவ நானு, கைல எடுத்துப் பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்." மறுநாள் அவள் காவடி எடுத்தாள். இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா வசம்புக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கெங்கம்மாள் ஒரு வருஷமும் மாலை போடவில்லை. நைனா ஒரு குழந்தையையும் கையில் எடுக்கவில்லை. ஆனால் அவர் செவலையைக் குளிப்பாட்டும்போது நான் அதன் வயிற்றை ஒட்டி நிற்பேன். போ என்று அவர் சொன்னதில்லை. 'உஸ்... உஸ்...' என்று தேய்ப்பார். குதிரைக்கு ஊற்றும் தண்ணீரில் பாதி என்மேல் விழும். கடற்கரையில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் எனக்குத் தோன்றியது, அவ்வளவு தண்ணீர் ஒரு குதிரைக்குத் தேவையில்லை.

8

மூன்றாவது முடிவு. இது நடக்கவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கிருத்திகைக்கு நான்கைந்து நாள் முன்பு, ஒரு காலை. சுவருக்கு அந்தப் பக்கம் கெங்கம்மாள் மாலையைக் கழற்றிச் சுவர்மேல் வைக்கிறாள், வசம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறாள். தெருக்கதவைத் தட்டுகிறாள். நைனா ஈரக் கையோடு எழுந்து

எழுந்து போய்க் கதவைத்

முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டால் அந்தக் குழந்தை வளரும், அக்கா ஆகும். நைனா என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டுவார். அம்மாவுக்குச் சொல்லக் கதையே இருக்காது. எல்லாம் எனக்கு வேண்டும்தான். ஆனால் கெங்கம்மாள் வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று எழுதியதாக ஆகிவிடும். எனக்குத் தெரிந்த டாக்டரிடம் போன வாரம் கேட்டேன். அந்தக் காலத்தில், அப்படி எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை, யார் வந்து எடுத்திருந்தாலும் தங்கியிருப்பது கஷ்டம் என்றார். இதைக் கெங்கம்மாளிடம் சொல்லலாம் என்றால் அவள் இல்லை. எண்பத்து ஒன்றாம் வருஷமே போய்விட்டாள்.

அதனால் கதவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் வீட்டுக்குப் போகக்கூட வேண்டாம், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னால் போதும், அவளுக்குக் கேட்கும். நைனா கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டார். குழந்தை விரல்களை விரித்து மூடுகிறது. தண்ணீர் ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள்.