பகதூருக்குத் தமிழ் தெரியாது

பிரம்புக் கூடையில் வைத்துத்தான் பகதூரைக் கொடுத்தார்கள். மேலே ஒரு குழந்தைத் துண்டு மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். முதலில் காதுகள் வந்தன, பிறகு கண்கள். இவை போக மீதி என்று சொல்ல அதிகம் இல்லை. கொடுத்தவர் மரைன் ஹில்லில் குடியிருந்த ஒரு வங்கி அதிகாரியின் மனைவி. கணவருக்கு மாற்றல், போகிற இடத்தில் நாய் வைக்க அனுமதி இல்லையாம். முப்பது வருஷம் இந்தத் தீவின் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து "டிக்கெட் நஹீன் ஹை" என்று ஊருக்கெல்லாம் இந்தியில் கைவிரித்தவன் நான். அந்தக் கூடையைப் பார்த்து "நஹீன்" என்று சொல்ல வரவில்லை.

"சிவாவா ஜாதி. நடுங்கும், பயந்துவிடாதீர்கள்" என்று அந்த அம்மாள் இந்தியில் சொன்னார். குளிரிலும் நடுங்கும், கோபத்திலும் நடுங்கும், சந்தோஷத்திலும் நடுங்கும். எது எதற்கென்று போகப் போகத் தெரியும். போர்வைக்குள் புகுந்துகொள்ளும், பார்க்காமல் உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளும், மற்ற உலகம் முழுவதும் அதற்கு எதிரி. கடைசியாக என் விரலைப் பிடித்து அதன் உச்சந்தலையில் வைத்தார். கைக்குழந்தைக்கு இருப்பதுபோல் மெத்தென்று ஒரு குழி, அதன் அடியில் நாடி துடித்தது. இந்த ஜாதியில் சிலவற்றுக்கு அது மூடுவதே இல்லையாம். இவ்வளவு திறந்த தலையை வைத்துக்கொண்டு பகதூர் என்று ஒரு பெயர். வீரன் என்று பொருள்.

என் மனைவி அகிலா போன மறு வருஷம் அது. அவள் இருந்தவரை எங்கள் வீட்டுக்கு ஒரு பாஷை இருந்தது. ஆபீசில் இந்தி, பஸ்ஸில் இந்தி, மீன்காரரிடம் இந்தி. புரோத்ராபூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் தமிழ். அவளோ கடைசிவரை இந்தி கற்றுக்கொள்ளவில்லை. வங்காளிக் கடைக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசி, ஜெயித்தும் வந்தாள். அவள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. சமையலும் இல்லை. டீயில் ரஸ்க் தோய்த்துத் தின்றால் ஒரு வேளை கழிந்தது. இப்படியே போய் ஒருநாள் பஸ்ஸில் மயங்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு ரஷீதாதான் மதுரையில் இருக்கும் என் மகள் ப்ரியங்காவுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து ப்ரியங்காவுக்கு ஒரே பேச்சுதான்: "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்கப்பா." நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நாய் வந்த பிறகு அவள் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்: "அதை யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க."

ரஷீதா நாயைத் தொட மாட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இது குத்தாவா, சூஹாவா?"

"எலி இல்லம்மா. நாய்தான்."

"அப்ப மேல பாத்துக்கங்க. பருந்து தூக்கிட்டுப் போயிரும். குத்தாவப் பருந்து கொண்டுபோச்சுன்னு போலீஸ் தானாவுல போய்ச் சொன்னா ஒங்களத்தான் புடிச்சு வைப்பாங்க."

ஆனாலும் மறுநாளே ஒரு கிண்ணத்தில் கோழி ஈரல் மதிலைத் தாண்டி வந்தது.

பகதூருக்குப் பசி தாங்காது. வயிறு காலியானால் உடம்பு தொய்ந்து சுருண்டுவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. சோறு, கோழி, மசித்த பரங்கிக்காய் என்று நானே கற்றுக்கொண்டேன். வைத்துவிட்டு எழுந்துபோனால் தொடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் கை வைத்தால்தான் அதுவும் வாய் வைக்கும். இருக்கட்டும் என்று ஒரு கரண்டி நானும் போட்டுக்கொண்டேன். மழை நாளில் வாசலுக்கு வந்த நண்டு ஒன்றை அது போருக்கு அழைத்தது. நண்டு கொடுக்கைத் தூக்கியதும் என் வேட்டிக்குள் வந்து நின்று, அங்கிருந்து குரைத்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஒரு சங்கடம்தான். பகதூருக்குத் தமிழ் தெரியாது. "உக்காரு" என்றால் முகத்தைப் பார்க்கும். "பைட்" என்றால் உட்காரும். "ஆவோ" என்றால் வரும். வீட்டிலும் மறுபடி கவுண்டரைத் திறந்த மாதிரி ஆயிற்று.

இந்த நிலையில்தான் என் சம்பந்தி ஒச்சப்பன் உசிலம்பட்டியிலிருந்து புறப்பட்டு வந்தார். ப்ரியங்காதான் மாமனாரை அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை விமானத்தில் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. ஆறடி ஆள், இரண்டு கையாலும் ஒதுக்க வேண்டிய மீசை. அவர் வாசலில் கால் வைத்ததும் பகதூர் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பாய்ந்தது. குரலைக் கேட்டால் கட்டுக்கடங்காத பெரிய மிருகம் என்று தோன்றும். வந்தவரை இப்படி வரவேற்கிறதே என்ற பதற்றத்தில் நான் கையை நீட்டிக் கத்தினேன்:

"பைட்! பகதூர், பைட்! பைட்!"

ஒச்சப்பன் பையைப் போட்டுவிட்டு பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்.

"யோவ் சம்பந்தி! கூப்புட வந்தவன் மேல நாய ஏவி விடுறீகளா?"

"இல்லைங்க... பைட்! பைட்டுடா!"

"மறுபடியும் சொல்றீகளே!"

அவர் பெஞ்சில் நின்றபடியே போனை எடுத்தார். "தாயி, ஒங்கப்பா வர மாட்டாரு போல. என்னையக் கடிக்கச் சொல்றாரு. இங்கிலீஷ்ல சொல்றாரு!"

போனை வாங்கினேன். "அப்பா! மாமாவைக் கடிக்க விட்டீங்களா?" ப்ரியங்கா அழுகிற நிலையில் இருந்தாள். இந்தியில் 'பைட்' என்றால் உட்கார் என்று அவளுக்கு நினைவூட்டினேன். இங்கே பிறந்து வளர்ந்தவள். பிறகு அவள் சிரித்த சிரிப்பு பெஞ்சின் மேலிருந்தவருக்கும் கேட்டது. அவர் குனிந்து பார்த்தார். பகதூர் தரையில் ஒழுங்காக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"சொன்னா ஒக்காருதா?" என்றார் ஒச்சப்பன். "என் வீட்ல ராசபாளையம் வச்சிருந்தேன். கன்னுக்குட்டி ஒசரம். ஒரு நா நான் சொல்லிக் கேட்டதில்ல." மெல்ல இறங்கி, விரலை நீட்டி, "பைட்டு" என்றார். அது ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தது. ஆனாலும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாட்களில் அவர் என்னிடம் மதுரையைப் பற்றிப் பேசினார். மாடியில் தனி அறை, காலையில் நடக்கப் பூங்கா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பேசிக்கொண்டே அவர் அடுப்பையும் என்னையும் கவனித்துக்கொண்டிருந்தார். பகதூர் முதலில் அவரிடம் நடுங்கியது, பிறகு உறுமியது. வெள்ளிக்கிழமை மழையில் அவர் துண்டுக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. "யாத்தே, அடுப்பு மாதிரி சுடுது" என்றவர் அது விழிக்கும்வரை காலை அசைக்கவில்லை. அகிலாவைப் பற்றி அன்றுதான் கேட்டார். நான் வெகுநேரம் பேசினேன். நாயைப் பெயர் சொல்லி அழைத்தது தவிர, எல்லாம் தமிழில்.

சனிக்கிழமை காலை ப்ரியங்கா வீடியோ காலில் வந்தபோது என் பெட்டி பாதி நிரம்பியிருந்தது. நான் மூன்றாம் வேளைக்கான கோழியைப் பிய்த்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கே கொண்டுபோவதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ரஷீதா தன் பையன் ஷமீர் நாயைப் பார்த்துக்கொள்வான் என்று சொல்லியிருந்தாள்.

"அப்பா, கெளம்பிட்டீங்களா?"

டப்பாவின் மூடியைத் தேடினேன். ஒச்சப்பன் போனை என் கையிலிருந்து எடுத்தார்.

"தாயி, நான் சொல்றதக் கேளு. ஒங்கப்பா கஞ்சி இல்லாம கெடக்காருன்னுதான நீ என்னைய அனுப்புன? இந்த மனுசன் நாலு வேளை சமைக்கிறாரு. நாலு வேளையும் திங்கிறாரு. என் பேண்டுதான் எனக்கு இறுக்குது."

"மாமா, டிக்கெட்..."

"ஒரு வாரம் தள்ளிப் போடு."

"அவருக்கா?"

"எனக்கும்தான்."

குக்கர் விசில் ஒன்று அடித்து அடங்கியது. மதுரையில் அடித்ததா, என் அடுப்பில் அடித்ததா தெரியவில்லை.

"அதக் காட்டுங்க பாப்போம்" என்றாள் ப்ரியங்கா கடைசியில். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

ஒச்சப்பன் போனைத் திருப்பித் தரையருகே பிடித்தார். திரையில் ஒரு முகத்தைக் கண்ட பகதூர் நடுங்கியது. இது எந்த நடுக்கம் என்று இந்த முறை எனக்கும் பிடிபடவில்லை. மூக்கைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் அழுத்தியது. அதன் மூச்சில் என் மகளின் முகம் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஒச்சப்பன் துண்டின் நுனியால் துடைத்தார். புருவம் தெரிந்தது, ஒரு கண் தெரிந்தது, வாய் ஏதோ சொல்லத் திறந்தது. பகதூர் மறுபடி மூச்சு விட்டது.