கடல் அடங்காத பிரசங்கம்

அன்று காலை கோயிலில் இருந்தவர்கள்: லோஜனாவின் பிரசங்கத்தைப் பரீட்சிக்க வந்த போதகர்மார் இருவர், ஆர்மோனியத்தடியில் செல்வமணி டீச்சர், வழக்கமான சபையார், முன்வரிசை வாங்கில் மெற்றில்டா. மெற்றில்டாவின் புருசன் போன வள்ளம் முந்தாநாளிலிருந்து கரைக்கு வரவில்லை.

பிரசங்கிக்கப் போகுமுன் பக்க அறைக் கதவிடுக்கால் சபையைப் பார்க்கவேண்டும் என்பது சபைப் போதகர் அருமைநாயகம் ஐயா லோஜனாவுக்குப் பழக்கிய வழக்கம். பார்த்த லோஜனா மெற்றில்டாவைக் கண்டதும் ஐயாவிடம் திரும்பினாள். இயேசு புயலை அடக்கியதுதான் அவளுடைய பரீட்சைப் பிரசங்கம்.

"ஐயா, கடல் அடங்கினதெண்டு அந்த மனிசிக்கு முன்னால சொல்ல ஏலாது. சீஷர்மார் பயந்து கத்தினதோட நிப்பாட்டப்போறன்."

"பாதிப் பிரசங்கமெண்டு பெயில் போடுவினம், பிள்ளை. பிறகு பீடத்துப் பக்கமே விடமாட்டினம்."

"ஓம், தெரியும்."

"மற்றப் பாதியை ஆர் சொல்லுறது?"

"வள்ளம் வந்தா அந்த மனிசியே சொல்லட்டும்."

பாட்டு முடிந்தது.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறன் ஐயா."

"தண்ணி குடிக்கப் போனவையெல்லாம் பின்வாசலால வீட்டை போனவை. நடவும்."

அவள் சபைக்கு முன்னால் கால் வைத்தாள். மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள். லோஜனாவின் முதுகுக்குப் பின்னால் ஐயா கதவைச் சாத்திப் பூட்டினார்.