கூடுதலாய் ஒரு டக்

சுரேந்திரன் வாயைத் திறந்து பேசிப் பத்து நாளாகிவிட்டது. பேச ஆளில்லை. ராணுவக் காவலரணில் கூட இருந்த கோகுலை மலேரியா புரட்டிப் போட, இருட்டில் படகு வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. மாற்றாள் இதோ வருகிறான் என்றார்கள். போர் நடக்கும்போது இந்த 'இதோ' எப்போது வரும் என்று யாரும் கேட்கக் கூடாது.

நிக்கோபார் பக்கம் ஆளில்லாத ஒரு தீவு அது. குன்றின் உச்சியில் மணல்மூட்டை அடுக்கிய பதுங்குகுழி, ஓர் இயந்திரத் துப்பாக்கி, ஒரு வயர்லெஸ் செட். எதிரி கரையிறங்க வந்தால் முதலில் பார்க்க வேண்டியவனும் தடுக்க வேண்டியவனும் சுரேந்திரன்தான். அவனுடைய பிரிவைச் சேர்ந்த ஆறு பேர் எதிர்த்தீவில் இருந்தார்கள். நடுவே ஐந்து கிலோமீட்டர் கடல்.

வயர்லெஸில் பேசவே கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பேசினால் ஆள் இருக்கும் இடத்தை எதிரி மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் மூன்று மணி நேரத்துக்கொரு முறை பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும். எல்லாம் நலம் என்று பொருள். மூன்று தடவை அழுத்தினால், எதிரி வந்துவிட்டான், உடனே புறப்படுங்கள். அங்கிருந்தும் பொத்தானை அழுத்துவார்கள், பதிலுக்கு ஒரே ஒரு டக் சத்தம் வரும்.

அங்கே செட்டில் உட்கார்ந்திருந்தவர் நாயக் பதவியிலிருந்த ஸ்ரீதர், இவனைப் போலவே இந்தத் தீவுகளில் வளர்ந்த தமிழர், டெலானிபூர்க்காரர். அவர் மட்டும் சற்று விட்டு இன்னொரு டக் போடுவார். சங்கேதப் புத்தகத்தில் அதற்குப் பொருள் கிடையாது. நான் இருக்கேண்டா என்கிறார் என்று சுரேந்திரனுக்குப் புரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினான்.

பதினோராம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு தடவை அழுத்தினான். இன்றைக்கு நாம் முந்திக்கொள்வோமே என்று ஓர் ஆசை. சற்று விட்டு, கூடுதலாய் ஒரு டக் போட்டான். போட்ட பிறகுதான் உறைத்தது. மொத்தம் மூன்று!

பதிலுக்கு ஒரு டக் வந்தது. அடுத்தது வரவில்லை. சிறிது நேரத்தில் எதிர்த்தீவிலிருந்து ரப்பர் படகு நுரையைக் கிளப்பிக்கொண்டு கிளம்பிவிட்டது.

தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று சொல்லச் சங்கேதம் இல்லை. மூன்றுக்குப் பின் இரண்டு அழுத்தினால், எதிரி அழுத்துகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதை வகுத்த அதிகாரி தனியாக இருந்து பார்த்தவரில்லை போலும். தினமும் நான்கு மணி வாக்கில் எதிரியின் டிரோன் அந்தக் கடலுக்கு மேலே சுற்றும். பகலில் படகு சிக்கினால் ஆறு பேரும் காலி. வாயால் சொன்னால் திரும்பிவிடுவார்கள். ஆனால் குன்று காட்டிக்கொடுக்கப்பட்டுவிடும்.

தொலைநோக்கியை எடுத்தான். ஆறு தலைகள். முன்னால் ஸ்ரீதர், முதுகில் செட், முகமெல்லாம் தாடி. பார்த்ததும் அழுகை வந்தது. வரட்டுமே என்று வெட்கங்கெட்ட ஓர் எண்ணமும் கூடவே வந்தது. மேகமாக இருக்கிறது, டிரோன் வராமலும் போகலாம். ஏறி வந்து, என்னைக் கண்டபடி திட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போகட்டுமே.

அப்படியே பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடத்தைத் தொலைத்தான். படகு பாதிக் கடலைத் தாண்டியிருந்தது.

பொத்தானை அழுத்தினான். பட்டாளத்து இந்தி வரவில்லை. பெரார்கஞ்ச் வீட்டில் பேசும் இந்தி கலந்த தமிழ்தான் வந்தது.

"ஸ்ரீதர் அண்ணே! வாபஸ் போங்க! இங்க துஷ்மன் யாரும் இல்ல. நான்தான் சும்மா ஒண்ணு சேத்துப் போட்டுட்டேன். நாலு மணி ஆகப் போவுது, வாபஸ் போங்கண்ணே!"

படகு நின்றது.

"பாகல்! பைத்தியக்காரா!" ஸ்ரீதரின் குரல் செட்டில் வெடித்தது. "வாயைத் தொறந்துட்டியேடா. குன்ன விட்டு எறங்கு, ஓடு!"

"எறங்குனா போஸ்ட்ட யாருண்ணே பாக்குறது?"

படகு மெல்லத் திரும்பியது. ஸ்ரீதர் மட்டும் குன்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எழுந்து கையாட்ட வேண்டும் என்று சுரேந்திரனுக்குத் துடித்தது. தழைக் கூரைக்கடியில் அசையாமல் இருந்தான். ஆறு பேரும் கரையேறி மரங்களுக்குள் மறையும்வரை எண்ணிக்கொண்டே இருந்தான். நிம்மதியாக இருந்தது. தாங்க முடியாத தனிமையாகவும் இருந்தது.

நான்கு மணி ஆகும் முன்பே டிரோன் சத்தம் கேட்டது. இன்றைக்கு அது கடல் பக்கம் போகவில்லை, நேராகக் குன்றுக்குத் திரும்பியது. சுரேந்திரன் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி நிமிர்ந்தான். இந்தப் பதினொரு நாளில், அவன் இருக்கும் இடம்வரை வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.