நாலரை மீட்டரில் நான்கு பேர்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையைப் பேருந்தில் திருடினேன்.

பக்கத்து இருக்கைப் பெண் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் எழுதுகிறவர்களுக்குக் கழுத்து கொஞ்சம் நீளம். "குளிருக்குத் தைக்க வேண்டியவை" என்று தலைப்பு. கீழே, அவருக்கு ஜாக்கெட். பாப்பாவுக்குத் தொப்பி வைத்த கோட். அத்தைக்கு முழுக்கை மேல்சட்டை. அப்புறம் "எனக்கு" என்று எழுதினாள். சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தாள். அந்த "எனக்கு"வை அடித்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நான் முப்பது குடும்பக் கதைகள் எழுதியவள். யார் யாரையோ சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணை ஒரே ஒரு கோட்டோடு சேர்த்துவைக்க முடியாதா என்ன?

2.

முதல் தொடக்கம்: "குளிர்காற்று ஒரு பழைய காதலனைப் போல ஜன்னல் வழியே மெல்ல—"

வேண்டாம். ஜன்னல் வழியே குளிர்காற்று வந்தால் எனக்குச் சளிதான் பிடித்திருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "அவள் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவள்."

இது இருக்கட்டும். அவளை இனி டோக்கன்காரி என்றே சொல்கிறேன். மருத்துவமனையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே இயந்திரங்களுக்காகக் குளிர்காலத்திலும் ஏசி ஓடும். அவள் வலது கையால் டோக்கன் கொடுப்பாள், இடது கையைத் தொடைக்கடியில் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள், பிறகு கை மாற்றிக்கொள்வாள். வீட்டில் ஒரு தையல் இயந்திரம் உண்டு. துணிக்கடையில், வரிவரியாக மென்ரோமம் நிற்கும் கார்டுராய்த் துணிக் கட்டின் கடைசித் துண்டு கிடைத்தது, காப்பிக்கொட்டை நிறத்தில், நாலரை மீட்டர். அந்த நிறத்தில் வேறு இல்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். தன் கன்னத்தருகே வைத்துக் கண்ணாடியில் பார்த்துத்தான் அவள் அதை வாங்கினாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளே மறந்துவிடுவாள்.

(துணியை நனைத்துக் காயவைத்தாயிற்று. சுருங்கிவிடுமே என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.)

3.

எனக்குத் தையல் தெரியாது. அதனால் நாலரை மீட்டரில் நான்கு உடுப்புகளும் அடங்கும் என்று தைரியமாக எழுதிவிட்டேன். ஒரு காகித வடிவத்தை நேராக வைப்பது, அடுத்ததைத் தலைகீழாக வைப்பது, இடுக்கில் இடுக்கைச் செருகுவது என்று கணக்கு. பிரதியைப் படித்த தையல்காரத் தோழி தலையில் அடித்துக்கொண்டாள். கார்டுராயைக் கீழ்நோக்கித் தடவினால் படியும், மேல்நோக்கித் தடவினால் சிலிர்த்துக்கொள்ளும். தலைகீழாக வெட்டிய துண்டு வேறு நிறமாகத் தெரியும். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்த்துத்தான் படுக்க வேண்டும். அப்படிப் படுத்தால் துணி பத்தாது.

தவறு என்னுடையது. அதை அப்படியே டோக்கன்காரியின் தலையில் கட்டிவிட்டேன்.

பிறகு ஆளைக் குறைக்கப் பார்த்தேன். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். முதல் பிரதியில் ஆறடி இரண்டங்குலம், என் நாயகர்கள் எல்லோருமே அந்த உயரம்தான். அவனை ஐந்தடி எட்டாக்கினேன். அவனுக்கு வலித்திருக்காது. அப்படியும் போதவில்லை. மாமியாரைக் கதையிலிருந்தே எடுத்தேன், ஒன்றேகால் மீட்டர் மிச்சமானது. ஆனால் மறுநாள் படித்தால் வீடு வெறிச்சென்று கிடந்தது. மருமகளும் மகனும் மாறி மாறி, "நீ எடுத்துக்கோ," "இல்ல, நீங்க எடுத்துக்கங்க" என்று விட்டுக்கொடுத்தே இரண்டு பக்கத்தைத் தின்றிருந்தார்கள். குறுக்கே புகுந்து நறுக்கென்று ஒன்று சொல்ல ஆளில்லை.

மாமியாரைக் கையைப் பிடித்துத் திரும்ப அழைத்துவந்தேன். என்னை அவர் மன்னித்ததாகத் தெரியவில்லை.

4.

ஞாயிற்றுக்கிழமை காலை. சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டுத் துணியைக் கூடத்தில் விரித்திருக்கிறார்கள். மேலே செய்தித்தாளில் வெட்டிய வடிவங்கள், குண்டூசிகள், முழங்காலிட்ட டோக்கன்காரி.

"அம்மா, அப்பாவோட இந்தக் கையைத் தலைகீழா வெச்சா இன்னும் இடம் மிச்சமாகுமே," என்றாள் பதினோரு வயது மகள்.

"வெச்சா அப்பாவுக்கு ஒரு கை கறுப்பாவும் ஒரு கை வெளுப்பாவும் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றான் கணவன். "லிஃப்ட் குழிக்குள்ள என்னை யாரு பாக்கப் போறா?"

"இருட்டுல உனக்கே உன்னைத் தெரியாது," என்றார் மாமியார், ஜன்னலோர நாற்காலியிலிருந்து. பிறகு துணியின் மேல் ஒரு சுற்றுப் பார்வையை ஓட்டினார். "ஏம்மா, இது அவன், இது பாப்பா, இது நான். உன்னோடது எங்க?"

"எனக்கு எதுக்கு அத்தை? நான் நாளெல்லாம் உள்ளதானே உக்காந்திருக்கேன்."

"நல்லா உக்காந்த! சாயங்காலம் நீ வந்து கையைத் தொட்டா ஃப்ரிட்ஜுல வெச்ச கத்திரிக்கா மாதிரி ஜில்லுனு இருக்கு. வடிவம் வெட்டினியா இல்லையா?"

"வெட்டல."

"ஏன்?"

"அளவு இல்ல அத்தை. முதுகை நானே எப்படி அளக்கறது?"

பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டுக்கே தைக்கிறவள். சுற்றிலும் மூன்று ஜோடிக் கைகள். கணவன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் அவனுடைய வேலைப்பெட்டியின் இரும்பு டேப்.

"என் டேப் இங்கயே இருக்கே!"

"எனக்கு இதுதான் கைப்பழக்கம். திரும்பு." சர்ரென்று இழுத்தான். "தோள், முந்நூத்தி எண்பது மில்லிமீட்டர். பாப்பா, எழுதிக்கோ."

"முந்நூத்தி எண்பதா? நான் என்ன லிஃப்ட் கதவா?"

"கதவா இருந்தா இப்படி நெளியாது. நேரா நில்லு."

"ஐயோ, ஜில்லுங்குது!"

அவன் டேப்பை உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினான். பிறகு கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை மெதுவாக, ஒரு மில்லிமீட்டரும் தவறாமல்—

[இங்கே என் வழக்கப்படி ஒரு முழுப் பத்தி வந்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன். மாமியார் பக்கத்தில் இருக்கிறார்.]

"அப்பா, இடுப்பை ரெண்டு தடவை அளந்துட்டீங்க," என்றாள் மகள்.

"சரிபாக்க வேணாமா? எங்க வேலையில எல்லாம் ரெண்டு தடவைதான்."

5.

அவளுடைய வடிவத்தை மகள் வெட்டித் தந்தாள். டோக்கன்காரி அதைத் துணியின் ஓரத்தில், எல்லாருக்கும் பின்னால், வைக்கப்போனாள்.

"அங்க வெக்காத," என்றார் மாமியார். "எல்லாத்தையும் எடு. உன்னோடதை முதல்ல வை. அப்புறம் நாங்க எங்க அடங்கறோம்னு பாப்போம்."

எடுத்தார்கள். அவள் கோட் முதலில் படுத்தது. அடுத்து மாமியார், அடுத்து பாப்பா, கடைசியில் கணவன். அவனுடைய வலது கை மட்டும் துணிக்கு வெளியே தரையில் கிடந்தது.

"விடு, கையில்லாமலே தை. ஸ்பானர் பிடிக்க வசதி."

"காலையில ஆறு மணிக்கு அந்தக் குழியில காத்து எப்படி அடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். அவள் கண் தன் காகிதத்தின் மேல் போனது. அதை எடுத்தால் அவன் கை அடங்கிவிடும்.

6.

முடிவு (அ): கணவனுக்குக் கையில்லாத ஜாக்கெட். அவன் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வான், அவள் தினமும் காலை ஆறு மணிக்குக் குற்ற உணர்ச்சியோடு விழித்துக்கொள்வாள்.

முடிவு (ஆ): ஒன்றுபோல இருக்கட்டுமென்று ஜாக்கெட்டின் இரண்டு கைகளுமே வேறு துணியில், பழைய திரைச்சீலையில். மகளின் யோசனை. "திரைச்சீலை போட்டுக்கிட்டு நான் வேலைக்குப் போகணுமா?" என்கிறான் அவன். போவான், ஆளைப் பார்த்தாலே தெரிகிறது.

முடிவு (இ): நான் "நாலரை" என்பதை "ஐந்து" என்று திருத்துவது. ஒரே சொல். திருத்தியும் பார்த்தேன். எல்லாருக்கும் அடங்கியது, ஆனால் அவள் கோட் பழையபடி ஓரத்துக்குப் போய்விட்டது. துணி தாராளமாக இருந்தால் அவளுக்குக் கிடைப்பது மிச்சம்தான். மறுபடியும் நாலரை என்றே ஆக்கிவிட்டேன்.

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். காகிதங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றன. அவள் கையில் கத்தரி திறந்திருக்கிறது. "உன்னோடதுலேர்ந்து ஆரம்பி" என்று மூன்று பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவளோ கத்தரி பிடிக்காத கையை மெதுவாகத் தன் காகிதத்தின் குண்டூசியை நோக்கி நீட்டுகிறாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அந்த மூன்று குரல் போதாது போலிருக்கிறது. நீங்களும் ஒரு குரல் கொடுங்கள், சீக்கிரம்.