சங்கமித்தை வேடம்

டைட்டஸ் முதலாளி மில் முற்றத்தில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். நெல் ஏற்றும் டிராக்டர் பெட்டியைச் சுற்றி அட்டை அடித்து, நீல வர்ணம் பூசி, முன்பக்கம் ஓர் அன்னத்தின் கழுத்தையும் நிறுத்தியாயிற்று. உந்துவப் போயா என்கிற மார்கழிப் பௌர்ணமியன்று, அசோகரின் மகள் சங்கமித்தை, புத்தர் ஞானம் பெற்ற வெள்ளரசின் கன்றோடு கடல் கடந்து வந்த காட்சியை ஊர்வலத்தில் காட்ட வேண்டும். அந்த வருடம் சுற்றுவட்டார விகாரைகளுக்குள் போட்டி வேறு வைத்திருந்தார்கள். கன்று ஒன்றுதான் குறை. அதற்காகக் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கேமானந்தாவின் ஆச்சிரமத்துக்குப் போனார்.

கேமானந்தா பதினெட்டு வருடங்களுக்கு முன்பு முழுத் துறவு வாங்கிய பிக்குணி. ஊரார் அவரை மேணியோ என்று அழைப்பார்கள். அம்மா என்கிற மாதிரி. பிக்குணி என்று மட்டும் எவரும் வாய் திறந்து சொன்னதில்லை. விகாரையின் தலைவர், ஊரார் ஹாமுதுரு என்று கூப்பிடும் பெரிய தேரருக்கு அது பிடிக்காது. பிக்குணிச் சங்கம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே அறுந்துபோன கொடி, அறுந்த கொடியில் பூப் பூக்குமா என்று கேட்பார். ஆகவே போயா நாட்களில் கேமானந்தா வெள்ளைச் சேலை உடுத்த இல்லறப் பெண்களோடு பாயில் உட்காருவார், தேரர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவார். இதைப் பற்றி அவர் எவரிடமும் குறைபட்டதில்லை. குறை இல்லை என்றும் சொன்னதில்லை.

"மேணியோ, உங்கட மதில்ல முளைச்சு நிக்கிற கன்றில ஒண்டு தாங்கோ," என்றார் முதலாளி.

"எடுங்கோ. மதில் வெடிக்க முந்தி எல்லாத்தையும் எடுத்தாலும் புண்ணியம்தான்."

"இன்னொரு உதவி. எங்கட இமேஷாதான் சங்கமித்தை. பிக்குணி எண்டா எப்பிடி நடக்கும், எப்பிடிப் பார்க்கும் எண்டு அவளுக்குக் கொஞ்சம் காட்டிக் குடுங்கோ. வேற ஆரிட்டப் போய்க் கேக்கிறது? இந்த ஊர்ல ஒரு பிக்குணியும் இல்லையே."

சொன்னது என்னவென்று முதலாளிக்கே தெரியவில்லை. கேமானந்தா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "மகளை அனுப்புங்கோ," என்றார்.

இமேஷா டவுனில் மணப்பெண் அலங்காரம் படித்தவள். மொட்டை அடிக்க மாட்டேன் என்று அழுது, தோல் நிறத்தில் ஒரு ரப்பர் தொப்பி வாங்கி வைத்திருந்தாள். பாத்திரத்தை எப்படி ஏந்துவது, அடியை எப்படி எடுத்து வைப்பது என்று கேமானந்தா காட்ட, அவள் பின்னால் நடந்தாள்.

"மேணியோ, மொட்டைத் தலை அரிக்காதா?"

"முடி இருந்த காலத்திலதான் அரிச்சது, மகள்."

அவள் சிரித்த சிரிப்பில் பாத்திரம் கீழே விழுந்தது. "இதே மாதிரி சங்கமித்தை சிரிச்சிருப்பாவா?" என்று கேட்டாள். "சிரிக்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்க ஏலாது," என்றார் கேமானந்தா.

போயாவன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்வலம் கூடியது. பட்டுக் காவியும் ரப்பர் மொட்டையுமாக இமேஷா கப்பலில் ஏறி நின்றதும் டைட்டஸ் முதலாளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தாம் பெற்ற மகளையே கும்பிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பெண்கள் வரிசையாக வந்து தாமரை மொட்டு வைத்தார்கள். கன்றுச் சட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போன கேமானந்தா கப்பலுக்குப் பக்கத்தில் நின்றார். படம் பிடிக்க வந்தவன் கையை ஆட்டினான்.

"அம்மா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ. சங்கமித்தையை மறைக்குது."

அவர் தள்ளி நின்றார்.

மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் குளக்கட்டுக்கு ஏறியபோது மார்கழி மழை கொட்டத் தொடங்கியது. அட்டை ஊறியது. அன்னத்தின் கழுத்து மெல்ல மெல்லக் குனிந்து கடைசியில் தன் மார்பையே பார்த்தது. நீல வர்ணம் டிராக்டர் சக்கரத்தில் ஒழுகியது. கட்டின் குழிகளில் பெட்டி ஆடிய ஆட்டத்தில், அழகு குறையக்கூடாதென்று வெறும் வயிற்றோடு வந்திருந்த இமேஷா கப்பல் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். ரப்பர் தொப்பி குளத்தில் விழுந்து மிதந்தது. அவள் இறங்கிவிட்டாள்.

"எனக்கு ஏலாது அப்பா. செத்தாலும் திரும்ப ஏற மாட்டன்."

முதலாளிக்குக் கை கால் ஓடவில்லை. விகாரை வாசலில் பெரிய தேரர் காத்திருக்கிறார், நடுவர்களும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சுற்றுமுற்றும் பார்த்தார். பெண்கள் கூட்டத்தில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது.

"மேணியோ! நீங்க ஏறுங்கோ. சும்மா நிண்டாப் போதும். உங்களுக்கு உடுப்பும் தேவையில்லை, ஒண்டும் தேவையில்லை!"

"கூத்துப் பாக்கிறதே எனக்கு விலக்கு, முதலாளி. ஆடுறது எப்பிடி?"

"அப்ப எங்கட மானம்?"

கேமானந்தா கன்றைப் பார்த்தார். மழையில் அதன் இலைகள் மட்டும் உற்சாகமாக இருந்தன. "கன்றை விகாரைக்குக் கொண்டு போகத்தானே வேணும்? நான் கொண்டு வாறன். கப்பல் வேண்டாம், நடந்து வாறன். நடிக்க மாட்டன்," என்றார்.

சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். உடைந்த கப்பல் பின்னால் வந்தது. தெருவின் இரு பக்கமும் போட்டி பார்க்க வந்த வெளியூர்ச் சனம் மண்டியிட்டது.

"என்ன நடிப்பு பாருங்கோ! நடையைப் பார்த்தீங்களா?"

"கொழும்பு நாடகக்காரியாம். இதுக்கெண்டே தலையைச் சிரைச்சிருக்கிறா, பாவம்."

"அந்தக் காவி கூட எவ்வளவு பழசாத் தேடி எடுத்திருக்கினம்!"

கேமானந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நடந்தார். ஒலிபெருக்கி, "இதோ சங்கமித்தை மகா தேரி எழுந்தருளுகிறார்!" என்று முழங்கியது. வாசலில் பெரிய தேரர் வெள்ளைத் துணி போர்த்திய கையை நீட்டி, மழைநீர் வழிந்த கண்ணாடியோடு, குனிந்து கன்றை வாங்கினார். நிமிர்ந்த பிறகுதான் யாரென்று கண்டார். நன்று, நன்று என்று வாழ்த்தும் விதமாக ஊர் முழுக்க "சாது! சாது!" என்றது. அவரும் ஒரு சாது சொல்ல வேண்டியதாயிற்று.

போட்டியில் ஊருக்கு முதலிடம். சிறந்த நடிகைக்குத் தனிப் பரிசு: கூந்தல் எண்ணெய், ஷாம்பு, சீப்பு, மல்லிகைச் சரம் போட்ட ஒரு கூடை. கேமானந்தா அதை அப்படியே இமேஷாவின் மடியில் வைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கப்பலில நிண்டன், நீங்க கீழ நிண்டீங்க. உங்களை ஆரும் பார்க்கேல்லையே மேணியோ," என்றாள். அன்றும் கேமானந்தா தேரர்கள் எழுந்த பிறகுதான் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் முதலாளி மழைக்கு முன்பே தார்ப்பாய் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "இந்த முறையும் நீங்கதான் மேணியோ. வேற ஆளைப் போட்டா சனம் ஒத்துக்கொள்ளாது."

"நடிக்க மாட்டன் எண்டு சொன்னனே. பிக்குணி எண்டு கூப்பிடுங்கோ, வாறன்."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "அது பெரிய ஹாமுதுருவைக் கேக்க வேண்டிய விஷயம். நடிக்கிறதெண்டா ஆரையும் கேக்கத் தேவையில்லை."

கேமானந்தா தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சங்கமித்தை தனியா வரேல்லையே, முதலாளி. கூடப் பதினொரு பிக்குணிகள் வந்தவை. அவைக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"ஐயோ, அதை மறந்திட்டன்! ஆளுக்கு எங்க போறது?"

"எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். அவையும் நடிக்க மாட்டினம். சும்மா நடந்து வருவினம், மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிட மாட்டினம். நீங்க என்ன பேர் வைக்கிறீங்களோ, அது உங்கட பாடு."

"கூட்டி வாங்கோ! சாப்பாடு நம்ம பொறுப்பு. மத்தியானத்துக்கு முந்திக் குடுக்க வேணுமா? குடுப்பம். நடிகர்மார் சொன்னாக் கேக்கத்தானே வேணும்!"

இமேஷா தானே வேனை ஓட்டிக்கொண்டு போய், ஆச்சிரமம் ஆச்சிரமமாக ஏறி இறங்கி அவர்களைக் கூட்டி வந்தாள். போயாவன்று வெயில் நன்றாகக் காய்ந்தது. வெவ்வேறு சாயத்தில் வெளுத்த காவி உடுத்திய பன்னிரண்டு பெண்கள் விகாரை வாசலைக் கடந்து உள்ளே நடந்தார்கள். தானசாலையில் கலைஞர்களுக்கென்று முதலாளி வெள்ளை விரித்து வைத்திருந்த இருக்கைகளில், எவரும் தடுக்காமல், வரிசையாக உட்கார்ந்தார்கள். சங்கமித்தைக் கோஷ்டி பசியோடு இருக்கக்கூடாதென்று ஊர்ப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு சோறும் பலாக்காய்க் கறியும் பரிமாறினார்கள். அன்று அவர்களில் எவரும் பாயில் உட்காரவில்லை.

எதிர் வரிசையில் பெரிய தேரர் பாத்திரத்தில் கையை வைத்தபடி அந்தப் பன்னிரண்டு மொட்டைத் தலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில்கூட ரப்பர் இல்லை. முதலாளி ஓடிவந்து காதருகில் குனிந்தார்.

"எப்பிடி ஹாமுதுரு, நடிப்பு?"

தேரர் சோற்றைப் பிசைந்தார். "நல்லா இருக்கு," என்றார். "இனி ஒவ்வொரு போயாவுக்கும் வரச் சொல்லு. நடிக்கத்தான்."

கேமானந்தாவின் காதில் அது விழுந்தது. பக்கத்திலிருந்த பிக்குணி, "என்னவாம்?" என்று மெல்லக் கேட்டார்.

"அடுத்த மாதமும் வரட்டாம்," என்றார் கேமானந்தா. "சாப்பிடுங்கோ, சோறு ஆறுது."